பந்தயத்துக்கு முன் ஒரு பாட்டு

விளையாட்டு ரசிகர்கள் நாலு பேர் கூடினால் என்ன பேசுவார்கள்? யாரை அணியில் சேர்த்திருக்க வேண்டும், நடுவர் கண்ணை எங்கே வைத்துக்கொண்டிருந்தார், கோப்பை யாருக்கு என்றுதான் பேசுவார்கள். உலகமெங்கும் இதே கதைதான். ஆனால் 2007ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அயர்லாந்து ரக்பி ரசிகர்கள் இவற்றையெல்லாம் விட அதிகமாக ஒரு பாட்டைப் பற்றி வாதாடினார்கள். பந்தயம் தொடங்குமுன் இரண்டு நிமிஷம்கூட ஒலிக்காத பாட்டு அது. இங்கிலாந்தின் அரசியை வாழ்த்தும் கீதம்.

ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற முரட்டு ஆட்டம். அணிக்கு 15 பேர். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கும் 1883 முதல் ஆண்டுதோறும் மோதி வந்தன. 1910இல் பிரான்சும் 2000இல் இத்தாலியும் சேர்ந்து ஆறு நாடுகளின் போட்டியாயிற்று. டப்ளின் நகரில் இந்தப் பந்தயங்கள் வழக்கமாக நடக்கும் இடம் லான்ஸ்டவுன் ரோடு மைதானம். அதை இடித்துப் புதிதாகக் கட்ட நேர்ந்தபோது வேறு இடம் வேண்டியிருந்தது. கிடைத்த இடம் குரோக் பார்க். வாதம் பிறந்ததும் அங்கேதான்.

குரோக் பார்க் வெறும் புல்வெளி அல்ல. 1920ஆம் ஆண்டு நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்து விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த காலம். அன்று காலையில் மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் டப்ளினில் வீடு வீடாகப் புகுந்து பிரிட்டிஷ் உளவு அதிகாரிகள் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். பிற்பகலில் குரோக் பார்க்கில் டப்ளினுக்கும் டிப்பரரிக்கும் பந்தயம். ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களில் பிரிட்டிஷ் படையினர் உள்ளே நுழைந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். ஒன்றரை நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. 14 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒரு சிறுவனுக்குப் பத்து வயது, இன்னொருவனுக்குப் பதினொன்று. சில நாட்களில் மணமாகவிருந்த ஒரு பெண்ணும் இருந்தாள். டிப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் மைதானத்திலேயே விழுந்து இறந்தார். அவர் பெயரைத்தான் அங்குள்ள பார்வையாளர் மாடம் ஒன்று இன்றும் தாங்கி நிற்கிறது.

மைதானத்தின் சொந்தக்காரரான கெயிலிக் விளையாட்டுச் சங்கம், 1884இல் தோன்றிய நாள் முதல் தாய்நாட்டு ஆட்டங்களைக் காப்பதே கடமை என்று கருதியது. ரக்பியும் கால்பந்தும் கிரிக்கெட்டும் அதற்கு அந்நிய ஆட்டங்கள். உறுப்பினர்கள் அவற்றை ஆடக் கூடாது, பார்க்கவும் கூடாது! 1938இல் நாட்டின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் ஒரு கால்பந்துப் பந்தயம் பார்க்கப் போனார் என்பதற்காக, அவரையே புரவலர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்தத் தடை 1971இல் நீங்கியது. சங்கத்தின் மைதானங்களில் அந்நிய ஆட்டம் நடக்கக் கூடாது என்ற விதி மட்டும் 2005 வரை தளரவில்லை.

இப்போது ரசிகர்களின் வாதம் நேயர்களுக்கு விளங்கும். “ரத்தம் சிந்திய மண்ணில் அந்தப் பாட்டா?” என்று கேட்டார்கள் ஒரு சாரார். அவர்களைக் குறுகிய புத்திக்காரர் என்று தள்ளிவிட முடியாது. இறந்தவர்களின் பெயர் சொல்லி வளர்ந்த குடும்பங்கள் அந்த நாட்டில் உண்டு. “விருந்தினரை அழைத்த பிறகு வாசற்படியில் நிறுத்திக் கணக்குக் கேட்கலாமா?” என்றார்கள் மறு சாரார். இன்னொரு சிக்கலும் இருந்தது. நாடு இரண்டாகப் பிரிந்த பிறகும் ரக்பியில் வடக்கும் தெற்கும் ஒரே அணி. வடக்கிலிருந்து வந்த ரசிகர்கள் பலருக்கு அந்தக் கீதம் சொந்தக் கீதம்! அயர்லாந்து அணிக்கென்று 1995இல் தனிப் பாட்டே எழுத வேண்டியிருந்தது இதனால்தான்.

வயது முதிர்ந்த ரசிகர்களுக்கு வேறொரு நினைவும் இருந்தது. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தில் டெரி நகரத்து ஊர்வலத்தின் மீது பிரிட்டிஷ் துருப்புகள் சுட்டன. மூன்று நாளில் டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகம் எரிந்தது. மிரட்டல் கடிதங்கள் வந்த நிலையில் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு வர மறுத்துவிட்டன. அவ்வாண்டுப் போட்டி முடியாமலே நின்றது. மறு ஆண்டு இங்கிலாந்தின் முறை. யாரும் வர வாய்ப்பில்லை என்று எண்ணியிருந்த வேளையில் அவர்கள் வந்தார்கள். 1973 பிப்ரவரி 10 அன்று அவர்கள் களத்தில் இறங்கியதும் கூட்டம் எழுந்து நின்று ஐந்து நிமிஷம் கைதட்டியது. ஆட்டத்தில் அயர்லாந்து 18க்கு 9 என்று வென்றது. நாங்கள் கெட்டிக்காரர்கள் இல்லாமல் இருக்கலாம், ஆனால் சொன்னபடி வந்துவிடுகிறோம் என்று அன்றிரவு விருந்தில் இங்கிலாந்துத் தலைவர் ஜான் புல்லின் சொன்னதும் அரங்கம் அதிர்ந்தது. அவ்வாண்டு ஐந்து நாடுகளும் ஆளுக்கு இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி என்று சரிசமமாக முடித்தன. விதிக்கும் நகைச்சுவை உண்டு போலும்!

2007 பிப்ரவரி 24. குரோக் பார்க்கில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். வெளியே சிலர் கண்டன அட்டைகளுடன் நின்றார்கள். உள்ளே வாத்தியம் முழங்கிற்று. அரசியை வாழ்த்தும் கீதத்தை இங்கிலாந்து ரசிகர்கள் பாடினார்கள். ஒரு கூச்சல் எழவில்லை. ஒரு சீழ்க்கை கேட்கவில்லை. முடிந்தபோது கைதட்டல் எழுந்தது. அடுத்து அயர்லாந்தின் கீதம். அப்போது மலைபோன்ற அயர்லாந்து ஆட்டக்காரர்கள் கண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு ஆட்டம். 43க்கு 13 என்று இங்கிலாந்தை நொறுக்கினார்கள்.

அந்த மௌனத்தை மறதி என்று சொல்வதா? மறந்தவன் கண்ணீர் விடுவானா? கூட்டம் முழுவதும் ஹோகனை நினைத்துக்கொண்டுதான் நின்றது. நினைத்துக்கொண்டே பிறர் பாட்டைக் கேட்க முடியும் என்பதைத்தான் அது காட்டியது. 1973இல் விருந்தாளி தைரியம் காட்டினான். 2007இல் வீட்டுக்காரன் பெருந்தன்மை காட்டினான். நான்கு ஆண்டுகள் கழித்து, 2011 மே மாதத்தில், எலிசபெத் அரசியே அந்த மைதானத்துக்கு வந்தார். ரசிகர்கள் முன்னதாகவே கதவைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொன்னால் தவறில்லை.

அந்த ஆண்டுக் கோப்பை என்னவாயிற்று என்கிறீர்களா? புள்ளி வித்தியாசத்தில் பிரான்ஸ் தட்டிக்கொண்டு போய்விட்டது. டப்ளின் ரசிகர்களுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அந்த ஆண்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால், கோப்பையை விட்டுவிட்டு, அன்று எந்த மாடத்தில் நின்றோம் என்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.