வண்டின் பெயருக்குப் பின்னால் ஓர் ஆண்டு: தரங்கம்பாடி, கரிபியன், கோபன்ஹேகன்

திருவனந்தபுரம் வலியசாலையின் அக்கிரகாரத் தெருக்களில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த திண்ணைகளில் புழங்குகின்றன. தென்னை நிறைந்த இந்நகரில் மழைக்கால இரவுகளில் விளக்கொளியை நாடி வந்து விழும் கொம்புள்ள கரிய வண்டுக்கும் இரண்டு மொழியிலும் பெயர் உண்டு. மலையாளத்தில் அது கொம்பன் செல்லி. தமிழில் காண்டாமிருக வண்டு. அறிவியலில் அதன் பெயர் ஒரிக்டெஸ் ரைனோசெரஸ் (லின்னேயஸ், 1758).

இப்பெயரின் வால்பகுதியைப் பெரும்பாலான மாணவர்கள் 'லின்னேயஸ் 1758இல் கண்டுபிடித்தது' என்றே படிக்கின்றனர். அது பிழையான வாசிப்பு. 1758 என்பது லின்னேயஸின் 'சிஸ்டெமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பு வெளிவந்த ஆண்டு. விலங்கியல் பெயரிடல் விதிகள் அவ்வாண்டையே தொடக்கமாகக் கொள்கின்றன. அடைப்புக்குறியோ, முதலில் வேறொரு பேரினத்தில் வைக்கப்பட்ட சிற்றினம் பின்னர் இடம் மாற்றப்பட்டது என்பதற்கான அடையாளம் மட்டுமே. லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். தென்னங்குருத்தைத் துளைத்து உண்ணும் அவ்வண்டை இரும்புக் கம்பியால் குத்தி வெளியே இழுக்கும் முறையைத் தென்னை வளர்ப்போர் அறிந்திருந்தனர். அதற்குப் பெயரிட்டும் வழங்கினர். ஆகவே அந்த ஆண்டு குறிப்பது கண்டறிதலை அன்று, விவரித்தலை. 'புதிய இனம் கண்டுபிடிப்பு' என்னும் செய்தித் தலைப்புகள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. இவற்றுக்கு இடைப்பட்ட தொலைவில்தான் பூச்சியியலின் வரலாறும் அதன் தீராத கணக்கும் அடங்கியுள்ளன.

அத்தொலைவைத் தமிழ்நிலத்திலிருந்து அளக்க ஏற்ற இடம் தரங்கம்பாடி. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்த உடன்படிக்கையின்படி 1620இல் டேனிஷ்காரர் அங்குக் குடியேறினர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அவ்வூர் அவர்கள் வசம் இருந்தது. லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் அங்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தஞ்சைப் பகுதிக் கறையான்கள் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் வெளிவந்தது. இவ்வூர் மக்கள் ஈசல் பிடிக்கும் முறையையும் அவர் பதிவு செய்தார். புற்றில் இரு துளைகள் இடுவர். காற்று வரும் பக்கத்தில் புகை மூட்டுவர். எதிர்ப்பக்கத் துளையில் பானையைப் பொருத்துவர். புகைக்கு அஞ்சி ஈசலோடு சில வேளை நாகமும் பானைக்குள் வந்துவிடுமாம். பிடித்த ஈசலை மாவுடன் சேர்த்துப் பண்டம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்பர். காற்றின் திசையையும் ஈசல் கிளம்பும் பருவத்தையும் புற்றின் அமைப்பையும் நுட்பமாக அறிந்தவர்களின் செயல் இது. அக்கட்டுரையில் அந்த அறிவு இருக்கிறது. அறிந்தவர்கள் 'இவ்வூர் மக்கள்' என்னும் அளவில் நின்றுவிடுகின்றனர்.

லின்னேயஸின் மற்றொரு மாணவர் யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரீசியஸ். அன்று டேனிஷ் அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கீல் நகரில் பேராசிரியராக இருந்த அவர் வாழ்நாளில் பெயரிட்ட பூச்சியினங்கள் பத்தாயிரத்தை நெருங்கும். 1775இல் 'சிஸ்டெமா எண்டமாலஜியே', 1792 முதல் பல பகுதிகளாக 'எண்டமாலஜியா சிஸ்டெமாட்டிகா', 1801இல் வண்டுகளுக்கெனவே 'சிஸ்டெமா எலியூதெராட்டோரம்' ஆகிய நூல்களை வெளியிட்டார். 1790களில் வந்த பகுதிகளில் பல இனங்களின் கீழ் வாழிடம் தரங்கம்பாடி என்றும், அனுப்பியவர் டால்டார்ஃப் என்றும் குறிப்புகள் வருகின்றன. டால்டார்ஃப் அங்கிருந்த டேனிஷ் படை அதிகாரி. பனையேறிக் கெண்டை மீன் பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக எழுதியவரும் அவரே.

அதே நூல்களின் அதே பக்கங்களில் கரிபியன் வண்டுகளும் இடம்பெறுகின்றன. செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய் ஆகிய தீவுகளும் அன்று டேனிஷ் முடியாட்சிக்கு உரியவை. 1917இல் அவை அமெரிக்காவுக்கு விற்கப்பட்டன. செயின்ட் குரோயில் நில அளவையாளராக இருந்து பருத்தி ஆராய்ச்சியிலும் ஈடுபட்ட வான் ரோர் போன்றோர் அங்கிருந்து பூச்சிகளை அனுப்பினர். கோபன்ஹேகனில் ஃபாப்ரீசியஸின் மாணவர்களும் அரசு அலுவலர்களுமான செஹெஸ்டெட், தோன்னர் லுண்ட் ஆகிய இருவரும் சேர்த்த தொகுப்பில் கிழக்கிலிருந்து வந்தவையும் மேற்கிலிருந்து வந்தவையும் அருகருகே ஊசி குத்தி வைக்கப்பட்டன. அத்தொகுப்பு இன்று கோபன்ஹேகன் விலங்கியல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்த அண்மை தற்செயலானதன்று. வண்டுகள் வணிகக் கப்பல்களின் வழியே பயணம் செய்தன. இந்தியப் பருத்தித் துணி மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை வாங்கும் பண்டமாற்றுப் பொருளாக இருந்தது. அவ்வாறு வாங்கப்பட்டோரே கரிபியன் கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். டேனிஷ் தீவுகளில் அடிமைமுறை 1848 வரை நீடித்தது. இப்பூச்சிகளைப் பிடித்துக் கொடுத்த கைகளில் அடிமைப்பட்டோரின் கைகளும் இருந்திருக்க வேண்டும் என்று கருதுவதில் தவறில்லை. ஆனால் ஃபாப்ரீசியஸின் குறிப்புகளில் அனுப்பிய அதிகாரியின் பெயரோ பெட்டியின் உடைமையாளர் பெயரோதான் காணப்படும்.

இப்பதிவின்மை அறம் சார்ந்த குறை மட்டுமன்று. அறிவியல் சார்ந்த குறையும் ஆகும். அக்கால விவரிப்புகள் பெரும்பாலும் ஓரிரு வரி இலத்தீன் தொடர்கள். வாழிடம் 'இந்தியாக்களில்' என்று மட்டும் எழுதப்பட்டால், அது கிழக்கிந்தியாவா மேற்கிந்தியத் தீவுகளா என்பது விளங்காது. கத்தரி இலையைச் சல்லடையாக்கும் புள்ளி வண்டை எடுத்துக்கொள்ளலாம். 1775இல் ஃபாப்ரீசியஸ் அதற்கு 'இருபத்தெட்டுப் புள்ளியுடையது' என்று பொருள்படும் பெயரை இட்டார். ஆனால் அவ்வினத்தில் புள்ளிகளின் எண்ணிக்கை வண்டுக்கு வண்டு மாறுகிறது. தோற்றத்தில் ஒத்த நெருங்கிய இனங்களும் உள்ளன. பெயர் சொல்லும் கணக்கை நம்பி இனத்தை உறுதி செய்ய இயலாது. அந்நிலையில் தீர்ப்பு வழங்குவது பெயருக்குச் சான்றாக நிற்கும் வகைமாதிரி ஒன்றே. அது எங்கே பிடிபட்டது, எச்செடியில் இருந்தது, எப்பருவத்தில் கிடைத்தது என்னும் செய்திகளைப் பிடித்தவர் அறிந்திருப்பார். அவரைப் பதிவு செய்யாத அட்டை இச்செய்திகளையும் சேர்த்தே இழந்துவிட்டது.

இன்றைய விவரிப்பு முறை இவ்விழப்புகளிலிருந்து கற்றது. ஆய்வாளர் தம் கையிலுள்ள வண்டை அப்பேரினத்தின் அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிடுகிறார்; புறத்தோற்றம் ஏமாற்றும் என்பதால் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து வரைகிறார்; ஒரே ஒரு மாதிரியை முதன்மை வகைமாதிரியாக அறிவிக்கிறார்; இடம், நாள், சேகரித்தவர் ஆகியவற்றை அட்டையில் எழுதுகிறார். கரிபியன் தீவொன்றின் வண்டாயினும் வயநாட்டின் சாணவண்டாயினும் முறை ஒன்றே. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம், புதிய இனத்தின் சான்று மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என விதிக்கிறது. 2006இல் விவரிக்கப்பட்ட ஒரு சாணவண்டு, கோழிக்கோட்டின் தேவகிரியை நினைவூட்டி ஒந்தோஃபேகஸ் தேவகிரியென்சிஸ் என்று பெயர் பெற்றது. எனினும் பழைய கடன் தொடர்கிறது. ஃபாப்ரீசியஸ் பெயரிட்ட இனத்திற்கு நெருங்கிய ஒன்றைப் புதியதெனச் சொல்ல விரும்பும் தமிழக ஆய்வாளர், தம் ஊரிலிருந்து போன வண்டைக் காண ஐரோப்பிய அருங்காட்சியகத்துக்கு எழுத வேண்டியுள்ளது.

வேறு வழி அக்காலத்திலேயே இருந்தது என்பதற்குக் கேரளம் சான்று. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' தாவரங்களின் மலையாளப் பெயர்களை அச்சிட்டது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் ஒப்புதல் மொழி அவர் எழுதிய எழுத்திலேயே முதல் தொகுதியில் இடம்பெற்றது. ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகிய மூவரின் சான்றும் அவ்வாறே. வான் ரீட் என்ற டச்சு ஆளுநர் காலனிய அதிகாரிதான். ஆயினும் அறிந்தவரின் பெயரை எழுதினார். கா. சு. மணிலால் பல்லாண்டு உழைத்து அளித்த அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை, வலியசாலை அமைந்த இதே நகரிலுள்ள கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது.

ஃபாப்ரீசியஸின் நூல்கள் தொடங்கியது ஹோர்த்தூஸ் வெளிவந்து ஏறத்தாழ நூறாண்டு கழிந்த பின்னர். செடிகளுக்கு முன்பே கிடைத்த மதிப்பு வண்டுகளுக்குக் கிடைக்கவில்லை. பெயரிடல் விதிகளில் எதுவும் இன்று அதைத் தடுக்கவில்லை. ஊசியின் கீழ் நிற்கும் சிறு அட்டையில் இன்னொரு வரிக்கு இடம் உண்டு: அவ்வூரார் அவ்வண்டை அழைக்கும் பெயரும், அதைக் காட்டிக் கொடுத்தவர் இசைந்தால் அவர் பெயரும்.