கன எண்ணெய் எடுப்பில் நீராவியும் வேதிப்பொருட்களும்

கன எண்ணெய் என்பது அடர்த்தியும் பாகுநிலையும் மிகுந்த கச்சா எண்ணெய் ஆகும். இது நிலத்தடிப் பாறையில் நிறைந்திருந்தாலும் கிணற்றை நோக்கித் தானாக எளிதில் ஓடி வராது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பேக்கர்ஸ்ஃபீல்டு நகரை ஒட்டியுள்ள கெர்ன் ரிவர் எண்ணெய் வயல் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. 1899இல் கண்டறியப்பட்ட இவ்வயலின் எண்ணெய், நிலத்தடி வெப்பநிலையில் நீரைவிடச் சில ஆயிரம் மடங்கு பாகுநிலை கொண்டது. நூறு டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடாக்கினால் அதன் பாகுநிலை நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். நீராவியை உட்செலுத்தி எண்ணெய் எடுக்கும் முறைக்கு இதுவே அடிப்படை. அந்த நீராவியுடன் வேதிப்பொருட்களையும் சேர்க்கும் முயற்சி பின்னர் வந்தது.

நீராவியின் வருகை

நீராவி முறையின் ஒரு முக்கியக் கிளை தற்செயலாகப் பிறந்தது. 1959இல் வெனிசுவேலாவின் மேனே கிராண்டே பகுதியில் ஷெல் நிறுவனம் நீராவியைச் செலுத்திச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அழுத்தம் மிகுந்து நீராவி நிலத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. அழுத்தத்தைத் தணிக்க உட்செலுத்து கிணற்றைத் திறந்துவிட்டனர். நீராவியோடு எண்ணெயும் ஏராளமாக வந்தது. ஒரே கிணற்றில் சில நாட்கள் நீராவி செலுத்தி, சிறிது காலம் ஊறவிட்டு, பின் அதிலிருந்தே எண்ணெய் எடுக்கும் சுழற்சி முறை இவ்வாறு உருவானது. 1960களில் கலிபோர்னியாவின் பழைய வயல்கள் இதனால் மீண்டும் உயிர் பெற்றன. ஒரு கிணற்றில் நீராவியைத் தொடர்ந்து செலுத்தி அடுத்த கிணறுகளில் எண்ணெய் எடுக்கும் நீராவி வெள்ள முறையும் கெர்ன் ரிவரில் பெரிய அளவில் பரவியது.

ஆனால் நீராவிக்கு ஒரு குணம் உண்டு. அது எண்ணெயைவிடப் பன்மடங்கு இலேசானது. எனவே பாறை அடுக்கின் மேற்பகுதிக்கு ஏறி, அங்கேயே ஒரு வழி அமைத்துக்கொண்டு உற்பத்திக் கிணற்றை அடைந்துவிடும். வழி திறந்தபின் செலுத்தும் நீராவியில் பெரும்பங்கு, ஏற்கனவே எண்ணெய் வடிந்த பகுதி வழியாகவே பாயும். அடியில் இருக்கும் எண்ணெய் அப்படியே கிடக்கும். அக்காலத்தில் கொதிகலன்களுக்கு எரிபொருளாக வயலின் கச்சா எண்ணெயே பயன்பட்டதால், வீணான ஒவ்வொரு டன் நீராவியும் எடுத்த எண்ணெயை எரித்து வீணாக்கியதற்குச் சமம்.

நுரை

வேதிப்பொருள் என்றதும், அது பாறையில் ஒட்டிய எண்ணெயைச் சோப்புபோலக் கழுவி எடுக்கும் என்றே பலரும் எண்ணுவர். அத்தகைய பயன்பாடும் உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டாவில் கார்ல் கிளார்க் 1920களில் உருவாக்கிய முறையில், தோண்டி எடுத்த எண்ணெய் மணல் வெந்நீரும் எரிசோடாவும் கொண்டு பிரிக்கப்பட்டது. எண்ணெயில் உள்ள அமிலங்கள் காரத்துடன் வினைபுரிந்து தாமே சோப்பாக மாறின. ஆனால் அது நிலத்தின் மேல் நடந்த வேலை. நிலத்தடியில் நீராவியுடன் சேர்ந்த வேதிப்பொருட்களுள் அதிகம் ஆராயப்பட்டவற்றின் முதன்மைப் பணி கழுவுவது அன்று. நீராவியை வழிமறித்துத் திருப்புவது.

எண்ணெயை வெளியே தள்ளும் வாயுவை நுரையால் கட்டுப்படுத்தும் கருத்துக்கு பாண்டு, ஹால்புரூக் ஆகியோர் 1958இலேயே காப்புரிமை பெற்றிருந்தனர். அதே கருத்து நீராவிக்கும் பொருந்தியது. பரப்புச் செயலி கலந்த நீரும் நீராவியும் பாறைத் துளைகளில் சந்திக்கும்போது நுரை உண்டாகும். குமிழ்களுக்கு இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலங்கள் வாயுவின் ஓட்டத்தைப் பெரிதும் தடுக்கும். பெரும்பாலான நுரைகளை எண்ணெய் உடைத்துவிடும் என்பது சாதாரணமாகக் குறையாகத் தோன்றலாம். இங்கே அதுவே வரம். எண்ணெய் வடிந்த மேற்பகுதியில் நுரை நிலைத்து வழியை அடைக்கும். எண்ணெய் மிகுந்த கீழ்ப்பகுதியில் அது உடைந்து நீராவிக்கு வழி விடும்.

சிக்கல் வெப்பத்தில் இருந்தது. வீட்டுச் சவர்க்காரங்களில் உள்ள சல்ஃபேட் வகைச் செயலிகள் நீராவி வெப்பத்தில் சிதைந்துவிடும். கார்பனும் கந்தகமும் நேரடியாகப் பிணைந்த சல்ஃபோனேட்டுகள் தாக்குப்பிடித்தன. அவற்றுள் ஆல்ஃபா ஒலிஃபின் சல்ஃபோனேட் விரும்பப்பட்டது. களிமண்ணிலிருந்து வெளிப்படும் கால்சியம் அதை வீழ்படிவாக்காதிருக்கச் சமையல் உப்பு சேர்த்தனர். நீராவி குளிர்ந்து நீரானால் குமிழும் சுருங்கி மறையும் என்பதால் சிறிது நைட்ரஜனையும் கலந்தனர்.

1980களில் கெர்ன் ரிவரின் மெக்கா, பிஷப் குத்தகை நிலங்களில் ஷெல்லும், மிட்வே–சன்செட் வயலில் செவ்ரானும் இம்முறையைச் சோதித்தன. எண்ணெய் கூடுதலாகக் கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆய்வகத்திலும் களத்திலும் தொடர்ந்து பணியாற்றியது. ஆயினும் செயலியில் ஒரு பங்கு பாறையிலேயே ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு கூடுதல் பீப்பாய்க்கும் எவ்வளவு வேதிப்பொருள் செலவாகிறது என்ற கணக்கு எப்போதும் நெருக்கடியாகவே இருந்தது. 1986இல் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் பாதிக்கும் கீழே சரிந்தபோது அக்கணக்கு உடைந்தது. நீராவி அளவைக் குறைத்து வெப்பத்தைச் சிக்கனமாக நிர்வகிப்பதே மலிவான தீர்வாகிவிட்டது. நுரை தோற்றதற்குக் காரணம் வேதியியல் அன்று, விலையே என்று சொல்வது பெருமளவு பொருந்தும்.

கரைப்பான்கள்

இதே காலத்தில் கனடாவில் ஹைன் குழுவினர் வேறொன்றைக் கவனித்தனர். நீராவி வெப்பத்தில் எண்ணெயின் கந்தகச் சேர்மங்கள் நீருடன் வினைபுரிந்து சிதைகின்றன. சில உலோகங்கள் இதை விரைவுபடுத்துகின்றன. சீனாவின் லியாவோஹே வயலில் இதை ஒட்டிய வினையூக்கிகள் பின்னர் கிணறுகளில் சோதிக்கப்பட்டன.

பெரிய அளவில் நிலைபெற்றவை ஹைட்ரோகார்பன் கரைப்பான்களே. ஆல்பர்ட்டாவின் கோல்ட் லேக் வயலில் இம்பீரியல் ஆயில் நிறுவனம், சுழற்சி நீராவியுடன் இலேசான எண்ணெய்த் திரவத்தைச் சேர்க்கும் 'லேசர்' முறையை 2002இல் சோதித்து, 2007இல் வணிக அளவுக்குக் கொண்டுசென்றது. கரைப்பான் எண்ணெயில் கலந்து அதை மேலும் இளக்குவதால், ஒரு பீப்பாய்க்குத் தேவைப்படும் நீராவி குறைகிறது. எரிவாயுச் செலவும் கரியமில வாயு வெளியேற்றமும் அதற்கேற்பக் குறையும். ஆனால் கரைப்பான், எடுக்கப்படும் எண்ணெயைவிட விலை மிகுந்தது. செலுத்தியதில் பெரும்பகுதியை மீட்டாக வேண்டும். 2024இல் இதே நிறுவனம் கோல்ட் லேக்கின் கிராண்ட் ராபிட்ஸ் பாறை அடுக்கில், கரைப்பானும் நீராவியும் சேர்ந்த புவியீர்ப்பு வடிகால் முறையில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது.