பெற்றோலா, டீசலா? ஒரு பழைய லான்ட் ரோவரும் மாமாவின் மொறிஸ் மைனரும்

பழைய லான்ட் ரோவர் ஒன்று வாங்கவேண்டும் என்பது எனக்குப் பல்கலைக்கழகக் காலத்திலிருந்தே இருந்த ஆசை. போன வருடம்தான் அதற்குக் காசு சேர்ந்தது. இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்று 1966ஆம் ஆண்டு டீசல், வேல்ஸில் ஒரு பண்ணையில் நின்றது. மற்றது 1969ஆம் ஆண்டு பெற்றோல், கென்ற்றில். இரண்டுமே 2,286 சிசி எஞ்சின். எதை எடுப்பது?

நான் எஞ்சினியரிங் படித்தவன். ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 2,000 மைல் ஓடுவேன். பெற்றோல் வண்டி கலனுக்கு 16 மைலும் டீசல் வண்டி 24 மைலும் போகும் என்று வைத்தால், வித்தியாசம் வருடத்துக்கு ஏறக்குறைய 190 லிற்றர். தினமும் ஓடுபவருக்கு இது பெரிய விஷயம். வார இறுதியில் மட்டும் ஓடுபவனுக்கு அப்படியில்லை. டீசல் பம்பை ஒரு தடவை திருத்தக் கொடுத்தால் சில வருடச் சேமிப்பு போய்விடும்.

கணக்கு விடை சொல்லவில்லை. அதனால் வரலாற்றைப் பார்த்தேன்.

1947இல் ரோவர் கம்பனியின் பொறியியலாளர் மோரிஸ் வில்க்ஸ், அங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணையில் போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதுபோல ஒன்றை நாமே செய்தால் என்ன என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. உருக்குக்குத் தட்டுப்பாடு, ஆகவே உடல் அலுமினியக் கலவையில். புது எஞ்சினுக்கு நேரமில்லை. ஆகவே ரோவர் காரின் 1,595 சிசி பெற்றோல் எஞ்சின், ஏறக்குறைய 50 குதிரைவலு. 1948 ஏப்ரல் 30 அன்று அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அது உலகுக்கு அறிமுகமானது.

அந்த எஞ்சினில் கவனிக்கவேண்டிய ஒன்று அமுக்க விகிதம். அது 7க்கும் சற்றுக் குறைவு. இன்றைய கார்களில் 10க்கு மேல் இருக்கும். ஏன் அவ்வளவு குறைவு? போர் தொடங்கிய 1939இலிருந்து 1953 தொடக்கம் வரை பிரித்தானியாவில் கம்பனிப் பெயர் எதுவும் இல்லாத ஒரே பெற்றோல்தான் விற்கப்பட்டது. எல்லாக் கம்பனிகளின் எண்ணெயும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டதால் அதைப் 'பூல்' பெற்றோல் என்றார்கள். ஒக்ரேன் குறைந்த சரக்கு. அதைக் கூடுதலாக அமுக்கினால் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் தட்டும். அதனால் அக்கால எஞ்சின்கள் மெதுவாக, பொறுமையாக ஓடும்படி செய்யப்பட்டன.

டீசல் இதற்கு நேர்மாறு. பிளக்கும் பொறியும் இல்லை. காற்றை 20 மடங்குக்கு மேல் அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எரியவைக்கும். லான்ட் ரோவரில் டீசல் வந்தது 1957இல். 1956 டிசம்பரிலிருந்து 1957 மே வரை சூயஸ் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டில் இருந்ததால், அதுதான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டீசல் எஞ்சினுக்கு இடம் வேண்டும் என்பதற்காக வண்டியின் சில்லுத்தூரத்தை 86 அங்குலத்திலிருந்து 88 ஆக நீட்டியது 1956 மொடலில். அதாவது சூயஸுக்கு முன்பே முடிவெடுத்துவிட்டார்கள். பண்ணைகளில் உழவு இயந்திரங்கள் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தன. வாங்குபவர் விவசாயி, அவர் போகும் வழியில் கம்பனியும் போனது.

ஆக, டீசல் லான்ட் ரோவர் நாள் முழுக்க வேலைசெய்யப் பிறந்தது. தண்ணீருக்குள் இறக்கினாலும் நனைந்து நிற்பதற்கு அதில் பிளக் வயர் இல்லை. ஆனால் சத்தம் கூட, வேகம் குறைவு. அதே 2,286 சிசியில் பெற்றோல் ஏறக்குறைய 77 குதிரைவலு தர, டீசல் 62தான் தரும்.

இவ்வளவும் படித்த பிறகும் மனம் ஊசலாடியது. கென்ற் வண்டியைப் பார்க்க மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மாமா யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் ஒன்றை வாடகைக்கு ஓட்டியவர். பொனெற்றைத் திறந்ததும் காபரேட்டரைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, இது மண்ணெண்ணெயிலயும் ஓடும்."

1990இல் போர் மறுபடி தொடங்கியபின் வடக்குக்கு எரிபொருள் தடை. பெற்றோல் கிடைத்தாலும் துளித்துளியாகத்தான். அப்போது யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒக்ரேன் குறைந்த மண்ணெண்ணெயை அந்த எஞ்சின்கள் தாங்கியதற்கு முக்கிய காரணம், மேலே சொன்ன அதே குறைந்த அமுக்க விகிதம். 1940களில் பிரித்தானிய விவசாயிகளும் ஃபெர்குசன் உழவு இயந்திரத்தைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றி ஓட்டினார்கள். மாமாவுக்கு அது தெரியாது. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது தட்டுப்பாடு.

பிறகு மாமா இதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட அந்த இரவு, அம்மம்மாவைச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனது அந்த மொறிஸ்தான். தெரு முழுக்கச் சனம், மழை, கார் அடி அடியாக நகருகிறது. அவரிடம் இருந்த பெற்றோல் ஓர் இருமல் மருந்துப் போத்தல் அளவு.

"எஞ்சின் ஆறினா மண்ணெண்ணெயில ஸ்டார்ட் வராது. விடியுமட்டும் நான் அதை நிப்பாட்டவே இல்லை. அந்தப் போத்தில் கடைசிவரைக்கும் சட்டைப் பொக்கற்றில கிடந்தது."

நான் படித்த எல்லாமும் அந்த ஒரு இரவில் இருந்தது: குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதும், சூட்டை ஏன் காக்கவேண்டும் என்பதும். (இங்கே நீங்கள் இதை முயற்சிக்க வேண்டாம். எஞ்சினுக்கும் கெடுதி, சட்டமும் விடாது.)

நான் கென்ற் பெற்றோல் வண்டியை எடுத்தேன். நீங்களும் பெற்றோல் எடுத்தால் இரண்டைக் கவனியுங்கள். ஈயம் கலந்த பெற்றோலின் பொது விற்பனை இங்கே 2000 தொடக்கத்தோடு நின்றது. ஆகவே எக்ஸோஸ்ற் வால்வு இருக்கைகள் கடினமானவையாக மாற்றப்பட்டனவா என்று கேளுங்கள். 2021 செப்டெம்பரிலிருந்து சாதாரண பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல். பழைய றப்பர் குழாய்களை அது அரிக்கும், மாற்றிவிடுங்கள். கரவன் இழுப்பதோ தினமும் பண்ணை வேலையோ என்றால் டீசலை எடுங்கள்; குளிர்காலக் காலைகளில் ஹீற்றர் பிளக் சூடாகுமட்டும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஞாயிறுகளில் மாமா வருகிறார். காபரேட்டரைக் கழற்றிக் கழுவும்போது அந்தத் தெருவில் யார் யார் நடந்துபோனார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்கிறார். நான் கையில் எண்ணெயோடு கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரவு வந்து எழுதி வைக்கிறேன்.