கணுக்கால் துப்பாக்கியுறை

கணுக்கால் துப்பாக்கியுறை என்பது, சிறிய கைத்துப்பாக்கி ஒன்றைக் கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டையினால் பிணைத்து, கால்சட்டைக்குள் பிறர் கண்ணில் படாதவாறு தாங்கிச் செல்வதற்குரிய சாதனமாகும். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் போலீசாரிடையே, விசேஷமாகச் சீருடை அணியாத துப்பறியும் அதிகாரிகளிடையே, வழக்கத்திற்கு வந்து, பின்னர் லைசென்ஸ் பெற்ற பொதுமக்களிடமும் பரவிய இவ்வுறை, ஆயுதத்தை மறைத்துவைக்கும் முறைகளுள் மறைவில் மிகுந்ததும் வேகத்தில் குறைந்ததுமாகக் கருதப்படுகிறது. மறைத்த ஆயுதத்தைக் கோழையின் கருவியென்று வெறுத்த ஒரு சமூகம், அதையே நாகரிகமான குடிமகனின் உரிமையென்று ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குள் வந்துசேர்ந்த வரலாறே இவ்வுறையின் வரலாற்றுக்கும் அடிப்படையாக அமைந்துள்ளது.

அமைப்பும் குணதோஷங்களும்

வலக்கைப் பழக்கமுள்ளவர் இவ்வுறையை இடக்காலின் உட்புறத்தில், துப்பாக்கியின் பிடி பின்னோக்கியிருக்குமாறு அணிவதே பெரும்பான்மையான வழக்கம். வெளிப்புறத்தில் அணிந்தால் அது நாற்காலிக் கால்களிலும் கதவுகளிலும் இடிபடுவதோடு, துணியின்மீது புடைத்துக்கொண்டு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பழைய உறைகள் தடித்த தோலினால் தைக்கப்பட்டு, காலை உறுத்தாமலிருக்கும்பொருட்டு உட்புறத்தில் உரோமம் நீக்காது பதனிட்ட ஆட்டுத்தோல் வைக்கப்பெற்றிருந்தன. டூபான்ட் கம்பெனியின் ரசாயன நிபுணர்கள் 1930ஆம் ஆண்டில் கண்டுபிடித்த நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரும், ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஜார்ஜ் தெ மெஸ்ட்ரால் என்பவர் உருவாக்கி 1950களில் காப்புரிமை பெற்ற வெல்க்ரோ என்னும் ஒட்டுப்பட்டையும் பிற்காலத்தில் தோலுக்கும் கொக்கிக்கும் உரிய இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. எடையினால் உறை கீழே இறங்காதிருக்க, கெண்டைக்காலின் மேற்பகுதியைச் சுற்றி இன்னொரு பட்டையைச் சேர்ப்பதும் உண்டு.

இடுப்பிலுள்ள துப்பாக்கியை நின்றவாறே, நடந்தவாறே எடுக்கலாம். கணுக்காலில் உள்ளதை எடுப்பதற்கோ ஒரு முழங்காலை மண்டியிட்டோ, காலை உயர்த்தியோ, ஒரு கையால் கால்சட்டையை மேலே இழுத்து மற்றொரு கையால் பிடியைப் பற்ற வேண்டியிருத்தலின், ஓடிக்கொண்டிருப்பவனுக்கும், எதிரியால் நெருங்கிப் பிடிக்கப்பட்டவனுக்கும் அது எளிதில் பயன்படுவதில்லை. தரைக்கு அருகிலிருப்பதால் புழுதியும் சேறும், உடலை ஒட்டியிருப்பதால் வியர்வையும் ஆயுதத்தைப் பழுதாக்குகின்றன. அடிக்கடி துடைத்து எண்ணெயிடாவிடில் துருப்பிடித்தல் நிச்சயம். இதற்கு மாறாக, காரில் இருக்கைப் பட்டையுடன் அமர்ந்திருக்கும்பொழுதும், கீழே விழுந்து மல்லாந்து கிடக்கும்பொழுதும், இடுப்பைக் காட்டிலும் கணுக்கால் கைக்கு எட்டுவது எளிது. இக்குணதோஷங்களை ஆராய்ந்த போலீஸ் பயிற்சியாளர் பலர், இதனை முதல் ஆயுதத்திற்கு உரிய இடமாக அல்லாமல், முதல் ஆயுதம் கைவிட்டுப் போனபின் உதவவேண்டிய துணை ஆயுதத்திற்கு உரிய இடமாகவே மதிக்கின்றனர்.

மறைவுத் துப்பாக்கியின் தோற்றம்

கைத்துப்பாக்கி சிறுத்தாலன்றி அதைக் காலில் கட்டிக்கொள்ளுதல் இயலாது. சிறுத்த துப்பாக்கிகளுள் முதலில் பெரும் பெயர் பெற்றது, பிலடெல்பியா நகரத்து ஹென்றி டெரிஞ்சர் (1786–1868) செய்த சட்டைப்பைத் துப்பாக்கியாகும். வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டு ஒரே முறை சுடத்தக்க இவ்வாயுதம், உள்ளங்கைக்குள் பெரும்பகுதி அடங்கும் உருவமும், அண்மையிலிருப்பவரைக் கொல்லத்தக்க வன்மையும் உடையதாயிருந்தமையால், 1849ஆம் ஆண்டின் பொன்வேட்டைக்குப் பின் கலிபோர்னியாவில் ஏராளமாக விற்பனையாயிற்று. சூதாடிகளும் வணிகரும் வழிப்போக்கரும் இதனை உட்சட்டைப் பையிலும், கைமடிப்பிலும், முழங்கால்வரை உயர்ந்த பூட்ஸின் வாயிலும் செருகிக்கொண்டனர். இவ்வாறு பூட்ஸில் செருகிய வழக்கத்தையே பிற்காலக் கணுக்கால் உறைக்கு முன்னோடியாகக் கொள்ளலாம். உயர்ந்த பூட்ஸ் நகர வாழ்க்கையிலிருந்து மறைந்து, தாழ்ந்த காலணியும் நீண்ட கால்சட்டையும் அதன் இடத்திற்கு வந்தபொழுது, செருகுவதற்கு இடமின்றிப் போன ஆயுதத்தைக் கட்டிவைக்கத் தனியானதோர் உறை தேவைப்பட்டது.

1865ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி இரவு, வாஷிங்டன் நகரின் ஃபோர்டு நாடக அரங்கில் ஜான் வில்க்ஸ் பூத் என்னும் நடிகன், ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனைப் பின்னிருந்து சுட்டுக் கொன்றது டெரிஞ்சர் துப்பாக்கி ஒன்றினாலேயாகும். அடுத்த ஆண்டு ரெமிங்டன் கம்பெனி வெளியிட்ட, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு குழல்களையுடைய 0.41 அங்குல விட்டத் துப்பாக்கி, 1935ஆம் ஆண்டு வரை தொடர்ந்து உற்பத்தி செய்யப்பட்டதிலிருந்தே இவ்வகை ஆயுதத்திற்கு இருந்த கிராக்கியை உணரலாம். 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் பஃபலோ நகரக் கண்காட்சியில், கைக்குட்டையால் மூடிய ரிவால்வருடன் வரிசையில் வந்த லியான் சோல்கோஸ் என்பவன் ஜனாதிபதி மக்கின்லியைச் சுட்ட சம்பவம், மறைத்த ஆயுதத்தைப் பற்றிய பொதுஜன அச்சத்தை மேலும் வளர்த்தது.

பழைய சட்டங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், வெளிப்படையாக ஆயுதம் தாங்குவோன் தன் கருத்தை ஒளிக்காதவன் என்றும், மறைத்து வைப்போன் வஞ்சகமாகத் தாக்கக் காத்திருப்பவன் என்றும் கருதும் மனப்பான்மை, சிறப்பாகத் தென் மாநிலங்களில், வேரூன்றியிருந்தது. கென்டக்கியும் லூயிசியானாவும் 1813ஆம் ஆண்டிலேயே ஆயுதங்களை மறைத்துக்கொண்டு செல்வதைக் குற்றமாக்கின. கைத்தடிக்குள் வாளை ஒளித்துவைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், 1822ஆம் ஆண்டு கென்டக்கியின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்மாநிலச் சட்டம் அரசியல் சாசனத்திற்கு முரணானதென்று தள்ளிவிட்டது. ஆனால் அத்தீர்ப்பை ஏற்காத மாநிலத்தார், 1850ஆம் ஆண்டின் புதிய சாசனத்தில், மறைவாக ஆயுதம் தாங்குவதைத் தடுக்கும் அதிகாரம் சட்டசபைக்கு உண்டென்று எழுதியே வைத்தனர். அதே 1850ஆம் ஆண்டில் லூயிசியானாவின் சர்வோன்னத நீதிமன்றம், வெளிப்படையாக ஆயுதம் தாங்குவது ஆண்மைக்குரிய தற்காப்பு உரிமையென்றும், மறைத்து வைப்பது இரகசியக் கொலைக்கு வழிசெய்வதென்றும் வேறுபடுத்தித் தீர்ப்பளித்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சர்வோன்னத நீதிமன்றமும் 1897ஆம் ஆண்டு வழக்கொன்றில், மறைவான ஆயுதங்களைத் தடைசெய்யும் சட்டங்கள் ஆயுத உரிமையைப் பாதிக்கமாட்டா என்று, தீர்ப்பின் போக்கில் குறிப்பிட்டது.

டெக்ஸாஸ் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே சென்று, 1871ஆம் ஆண்டில், மறைவாயினும் வெளிப்படையாயினும் கைத்துப்பாக்கியை உடம்பிலோ சேணத்திலோ தாங்குவதையே, வழிப்பயணிகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்களித்து, பொதுவாகத் தடுத்தது. 1910ஆம் ஆண்டு நியூயார்க் நகர மேயர் வில்லியம் கேய்னர் சுடப்பட்டதும், 1911ஆம் ஆண்டு ஜனவரியில் நாவலாசிரியர் டேவிட் கிரஹாம் ஃபிலிப்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டதும் மக்களின் மனத்தை உலுக்கியமையால், டிமதி சல்லிவன் என்னும் நியூயார்க் மாநிலச் சட்டசபை உறுப்பினர் கொண்டுவந்த மசோதா அவ்வாண்டிலேயே நிறைவேறியது. மறைக்கத்தக்க சிறு துப்பாக்கியை வைத்திருப்பதற்கே லைசென்ஸை நிர்ப்பந்தமாக்கிய இச்சல்லிவன் சட்டம், லைசென்ஸ் வழங்குவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம் என்னும் முறைக்கு இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் முன்மாதிரியாக விளங்கியது.

போலீசாரும் குறுங்குழல் ரிவால்வரும்

1896ஆம் ஆண்டில் நியூயார்க் போலீஸ் ஆணையக் குழுவின் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், அதுகாறும் பலவகைத் துப்பாக்கிகளைத் தாங்கிவந்த காவலர்களுக்குக் கோல்ட் கம்பெனியின் 0.32 அங்குல ரிவால்வரைப் பொதுவாக்கினார். சீருடைக் காவலருக்கு நீண்ட குழல் ஏற்றதாயினும், துப்பறிவோருக்கு அது சட்டைக்குள் அடங்காமையால், கோல்ட் கம்பெனியார் 1927ஆம் ஆண்டில் இரண்டு அங்குலக் குழலும் ஆறு தோட்டாக்களும் உடைய 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' என்னும் ரிவால்வரை வெளியிட்டனர். கணுக்கால் உறையின் பிற்கால வளர்ச்சிக்கு இதனினும் முக்கியமானது, 1950ஆம் ஆண்டில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் நடைபெற்ற போலீஸ் தலைவர்களின் மகாநாட்டில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் அறிமுகப்படுத்திய ஐந்து தோட்டா ரிவால்வராகும். அம்மகாநாட்டுத் தலைவர்களே 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்று பெயர் தேர்ந்த இது, ஓர் அறையைக் குறைத்ததன் பயனாக உருளையின் பருமனையும் குறைத்துக்கொண்டு, காலின் வளைவோடு பொருந்துவதாயிற்று. தொடர்ந்து வந்த அலுமினியச் சட்டகங்கள் எடையை இன்னும் குறைத்தன. 1952ஆம் ஆண்டில் வெளியான 'சென்டெனியல்' வகையில் சுத்தியல் முழுவதும் உள்ளே மறைக்கப்பட்டிருந்தமையால், ஆயுதத்தை இழுக்கும்பொழுது துணியில் மாட்டிக்கொள்ளும் இடையூறும் நீங்கியது.

முதல் ஆயுதம் கைவிட்டுப் போகும் நிலை எத்தகையது என்பதை ஒரு சம்பவம் காட்டியது. 1963ஆம் ஆண்டு மார்ச்சில், லாஸ் ஏஞ்சலஸ் போலீசார் இருவர் குற்றவாளிகளால் மடக்கப்பட்டு, தம் துப்பாக்கிகளை ஒப்படைத்தபின், வெங்காய வயலொன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர்களுள் ஒருவர் கொல்லப்பட்டார். இத்துயரத்திற்குப் பின், எந்நிலையிலும் ஆயுதத்தை ஒப்படைக்கலாகாது என்னும் கட்டளை அந்நகரப் போலீசாருக்குப் பிறப்பிக்கப்பட்டது. ஜோசப் வம்பாவின் 1973ஆம் ஆண்டு நூல் ஒன்று அச்சம்பவத்தை நாடெங்கும் அறியச் செய்தது. 1971ஆம் ஆண்டில் வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கிய 'தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்' திரைப்படத்தில், ஜீன் ஹாக்மன் நடித்த துப்பறிவோன் குறுங்குழல் ரிவால்வரைக் கணுக்காலில் கட்டியிருந்த காட்சிகள் இவ்வழக்கத்தைப் பொதுமக்களும் அறியுமாறு செய்தன.

உறையின் பயனும் அதன் எல்லையும் ஒருங்கே வெளிப்பட்ட சம்பவம், 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி மயாமிப் பகுதியில் நடந்த துப்பாக்கிச் சண்டையாகும். வங்கிக் கொள்ளையர் இருவரை எட்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் மடக்கியபொழுது, கார்கள் மோதிய அதிர்ச்சியில் தம் முதன்மை ரிவால்வரை இழந்துவிட்ட ஓர் அதிகாரி, கணுக்காலிலிருந்த ஐந்து தோட்டா ரிவால்வரை எடுத்துப் போரிட்டார். ஆயினும் தோட்டாக்கள் தீர்ந்து மீண்டும் நிரப்ப முயன்ற வேளையில் கையில் காயமுற்றார். இரண்டு அதிகாரிகளும் இரண்டு கொள்ளையரும் மாண்ட அச்சண்டை, ரிவால்வரை விடுத்துத் தானியங்கித் துப்பாக்கிக்கு மாற வேண்டும் என்ற அபிப்பிராயத்தை அமெரிக்கப் போலீஸ் துறைகளில் வலுப்படுத்தியது.

சட்டத்தின் திருப்பம்

லைசென்ஸ் தேவையே இல்லாதிருந்த வெர்மான்ட் நீங்கலாக, பெரும்பாலான மாநிலங்களில் மறைவு ஆயுதத்திற்கான அனுமதி நெடுங்காலம் தடைசெய்யப்பட்டதாகவோ, அதிகாரியின் தயவைப் பொறுத்ததாகவோ இருந்துவந்தது. 1987ஆம் ஆண்டில் ஃப்ளாரிடா மாநிலம், விதித்த தகுதிகளைப் பூர்த்தி செய்த எவருக்கும் அனுமதி மறுக்கலாகாது என்று சட்டமியற்றியதும், அம்முறை பிற மாநிலங்களுக்கு வேகமாகப் பரவியது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கைத்துப்பாக்கியைத் தடுத்துவந்த டெக்ஸாஸ், 1995ஆம் ஆண்டில் லைசென்ஸ் முறையை ஏற்றபொழுது, துப்பாக்கி கண்ணுக்குத் தெரியாதிருக்க வேண்டுமென்பதையே நிபந்தனையாக விதித்தது. அங்கே லைசென்ஸ் பெற்றவர் அதனை இடுப்புறையில் வெளிப்படையாகத் தாங்க அனுமதி கிடைத்தது 2016ஆம் ஆண்டில்தான். லூயிசியானா நீதிபதிகள் 1850இல் எதனை வஞ்சகமென்று இகழ்ந்தனரோ, அதுவே இப்பொழுது பிறரைக் கலவரப்படுத்தாத நன்னடத்தையாகவும், அவர்கள் ஆண்மையென்று போற்றிய வெளிப்படை, அச்சுறுத்தலாகவும் கருதப்படலாயின. பண்டைய எல்லைப்புற வாழ்க்கையில் அந்நியனை எடைபோட அவன் இடுப்பைப் பார்த்தார்கள். அலுவலகமும் அங்காடியும் நிறைந்த நகரத்திலோ இடுப்பில் தெரியும் துப்பாக்கியே ஒரு கலகத்திற்குக் காரணமாகிவிடும். இம்மாறுதலுக்கு இதுவே முக்கியமான காரணமெனலாம்.

சட்டம் திரும்பியதும் தொழிற்சாலைகளும் அதனைப் பின்பற்றின. பத்துக்கு மேற்பட்ட தோட்டாக்கள் கொள்ளும் புதிய பெட்டிகளை 1994ஆம் ஆண்டு மத்திய சட்டம் பத்தாண்டுகளுக்குத் தடுத்திருந்தமையால், பெரிய துப்பாக்கியின் சிறப்பு ஒருவாறு குறைந்து, சிறிய துப்பாக்கிகளுக்கு மவுசு கூடியது. 1995இல் க்ளாக் 26, 2008இல் ரூகர் எல்.சி.பி., 2018இல் சிக் ஸாவர் பி365 ஆகியவை இவ்வரிசையில் வெளிவந்தன. ஆயினும் இவை தட்டையாகவும் இலேசாகவும் இருந்தமையால் இடுப்பின் உட்புறத்திலேயே எளிதில் மறைந்தன. கணுக்காலுக்குரிய தேவையைப் பெருக்கவேண்டிய சிறுமையே அதனைக் குறைக்கவும் செய்தது. பணியிலுள்ள போலீசாரும் ஓய்வுபெற்றோரும் எம்மாநிலத்திலும் மறைவாக ஆயுதம் தாங்க 2004ஆம் ஆண்டு மத்திய சட்டம் வழிசெய்தபின், இவ்வுறை பெரும்பாலும் அவர்களுக்கு உரியதாகவே நிலைபெற்றது. அண்மைக் காலத்தில் காவலர் சிலர் அதே வகைப் பட்டையில், குருதிப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டையும் கட்டுத்துணியும் வைத்துக்கொள்கின்றனர்.

மறைவு ஆயுதம் குற்றத்தைக் குறைக்கின்றதா, பெருக்குகின்றதா என்னும் விவாதம் 1990களின் பிற்பகுதியிலிருந்து ஓயவில்லை. ஜான் லாட் என்னும் பொருளியலறிஞர் அது குறைக்கின்றதென்று வாதித்தார். தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2004ஆம் ஆண்டில், எப்பக்கமும் முடிவுகட்டப் போதிய ஆதாரமில்லை என்றது. ஜான் டோனஹியூவும் அவர்தம் குழுவினரும் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அனுமதியை எளிதாக்கிய மாநிலங்களில் பத்தாண்டுகளுக்குப் பின் வன்முறைக் குற்றங்கள் 13 முதல் 15 சதவீதம் அதிகமாயிருந்தன என்று மதிப்பிட்டது.

தற்கால நிலை

2022ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சர்வோன்னத நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், விசேஷத் தேவையை நிரூபித்தாலன்றி அனுமதியில்லை என்ற நியூயார்க்கின் விதியை ரத்துசெய்து, வீட்டிற்கு வெளியேயும் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி தாங்கும் உரிமையை உறுதிப்படுத்தியது. 2024ஆம் ஆண்டில், லைசென்ஸே இன்றி மறைவாகத் துப்பாக்கி தாங்கலாமென்று அனுமதித்த மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆயிற்று. 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து நியூயார்க் சட்டசபை டைம்ஸ் சதுக்கத்தையும் சுரங்க ரயில்களையும் துப்பாக்கி நுழையலாகாத இடங்களாக அறிவித்தது. 2024ஆம் ஆண்டு ஜூனில் சர்வோன்னத நீதிமன்றமே, குடும்ப வன்முறைக்காகத் தடையாணைக்கு உட்பட்டவர் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்ற சட்டத்தை நிலைநிறுத்தியது. ஆயுதத்தை எவ்வாறு தாங்குகிறான் என்பதைக் கொண்டு ஒருவனுடைய நோக்கத்தை அளந்த பழைய சட்டம், இன்று யார் தாங்குகிறான், எங்கே தாங்குகிறான் என்பவற்றையே பெரிதும் வினவுகின்றது. இடுப்பா, கணுக்காலா என்பது தாங்குபவரின் வசதியைப் பொறுத்த விஷயமாக அதன் பார்வையிலிருந்து அகன்றுவிட்டது.