டாங்கி காங்: முதல்நூலும் வழிநூலும்

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாக நம் முன்னோர் பகுத்தனர். முதல்நூலின் பொருளைத் தழுவிச் சென்று, வழியே தனக்கு வேண்டிய வேறுபாடுகளையும் சேர்த்துக்கொள்வது வழிநூல் என்பது தமிழாசிரியர் யாவரும் அறிந்ததே. ஏட்டில் எழுதப்படும் நூலுக்கு வகுத்த இவ்விலக்கணத்தைச் சிறுவர்கள் கையில் பிடித்து ஆடும் மின்விளையாட்டின்மேல் ஏற்றிப் பார்ப்பது சிலருக்கு நகைப்பைத் தரலாம். எனினும் 1981-ஆம் ஆண்டில் ஜப்பானில் தோன்றிய 'டாங்கி காங்' என்னும் விளையாட்டையும், அதே பெயரோடு 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த கையடக்கப் பதிப்பையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவார்க்கு இப்பாகுபாடே முதலில் நினைவுக்கு வரும். எதைக் காத்தார்கள், எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பவை வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்விகள்.

முதல்நூல் பிறந்த கதை ஓர் இக்கட்டில் தொடங்குகிறது. நிண்டெண்டோ நிறுவனத்தார் 'ரேடார் ஸ்கோப்' என்ற விளையாட்டுப் பொறிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினர். மூவாயிரம் பொறிகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் விலைபோகாமல் கிடங்கில் தங்கிவிட்டன. அப்பொறிகளின் உள்ளுறுப்பை மாற்றி வேறொரு விளையாட்டை அமைத்து விற்க வேண்டும் என்ற நிலை. அப்பணி ஷிகெரு மியாமோட்டோ என்னும் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. தொழிற்பொருள் வடிவமைப்புக் கற்றவர் அவர். 1977-இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தவர். குன்பெய் யோகோய் என்ற மூத்த பொறியாளர் அவருக்கு மேற்பார்வையாளராக இருந்தார். முதலில் 'பாப்பாய்' என்னும் கேலிச்சித்திரக் கதைமாந்தரை வைத்தே விளையாட்டை அமைக்க எண்ணினர். அதற்கு உரிமை கிடைக்கவில்லை. ஆகவே முரடன் இருந்த இடத்தில் ஒரு குரங்கும், மாலுமி இருந்த இடத்தில் ஒரு தச்சனும், காதலியின் இடத்தில் வேறொரு பெண்ணும் வந்தனர். அத்தச்சனே பிற்காலத்தில் மரியோ என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டவன். பெண்ணுக்குப் பின்னர்ப் பாலின் என்று பெயரிட்டனர். குரங்கின் பெயரில் 'டாங்கி' என்ற ஆங்கிலச் சொல் புகுந்தது, கழுதையின் பிடிவாதத்தைக் குறிப்பதற்காக என்பர். 'கிங் காங்' திரைப்படத்தின் உரிமை தமக்கே என்று கூறி யூனிவர்சல் நிறுவனத்தார் 1982-இல் தொடுத்த வழக்கில் நிண்டெண்டோவே வென்றது. அவ்வழக்கு தனியே எழுதத்தக்க கதை, ஈண்டு வேண்டுவதன்று.

விளையாட்டின் அமைப்பை நோக்குவோம். நான்கு கட்டங்கள் உண்டு. இருபத்தைந்து மீட்டர், ஐம்பது, எழுபத்தைந்து, நூறு என உயரத்தால் அவை குறிக்கப்பட்டன. முதற்கட்டத்தில் சாய்ந்த இரும்பு உத்திரங்களின்மேல் குரங்கு பீப்பாய்களை உருட்டிவிடும். மரியோ அவற்றைத் தாண்டி ஏணிவழி ஏற வேண்டும். இரண்டாவது கட்டத்தில் ஓடும் பட்டைகளில் சிமெண்டுத் தட்டுகள் நகர்ந்து வரும். மூன்றாவது மின்தூக்கிகள் நிறைந்தது. நான்காவதில் எட்டு இரும்பாணிகளைக் கழற்றினால் கட்டடம் சரிந்து குரங்கு தலைகீழாக விழும். ஏணியில் ஏறும் விளையாட்டு இதற்கு முன்பும் உண்டு. 1980-ஆம் ஆண்டின் 'ஸ்பேஸ் பேனிக்' அத்தகையது. ஆனால் அதில் தாவ இயலாது. தாவுதலையே உயிராக வைத்து எழுந்தது டாங்கி காங். தளத்திற்குத் தளம் தாவும் விளையாட்டுகள் என்று இன்று வழங்கும் பெருங்குடும்பத்துக்கு இதனையே மூதாதை எனல் பொருந்தும்.

அந்தத் தாவல் எவ்வளவு எளியது என்பதை மறக்கலாகாது. ஒரே பொத்தான், ஒரே உயரம். காலைத் தரையிலிருந்து எடுத்தபின் திசை மாற்ற வழியில்லை. தன் உடலின் உயரத்துக்கு மேற்பட்ட இடத்திலிருந்து விழுந்தால் மரியோ இறந்துபடுவான். சுத்தியல் கையில் இருக்கும்போது தாவவும் முடியாது, ஏணி ஏறவும் முடியாது. இக்கடுமை அறியாமையால் வந்ததன்று. அஃது விளையாட்டுக்கூடத்தில் காசு போட்டு ஆடும் பொறி. ஒருவர் ஒரு காசில் நெடுநேரம் நின்றுவிட்டால் பொறி வைத்திருப்பவருக்கு நட்டம். ஆகவே உயிர் விரைவில் போக வேண்டும்; போன உயிரை மீட்க இன்னொரு காசு போடும் ஆசையும் எழ வேண்டும். இதனாலேயே அவ்விளையாட்டுக்கு முடிவு என்பதும் வைக்கப்படவில்லை. நான்காம் கட்டம் முடிந்தால் மீண்டும் முதற்கட்டம் கடுமை கூடி வரும். மிகத் தேர்ந்தவர்கள் இருபத்திரண்டாம் சுற்றை எட்டியபோது, நேரத்தைக் கணக்கிடும் எண் பொறியின் கொள்ளளவை மீறிப் பிழைபட்டு, கட்டத்தை முடிக்க இயலாதபடி மரியோ சில நொடிகளில் மாண்டான். செய்தவர்கள் அவ்வளவு தொலைவு ஒருவர் செல்வார் என எண்ணியிருக்கமாட்டார்கள் போலும்.

கையடக்க வடிவம் 1994-இல்தான் முதன்முதல் தோன்றியது என்று எழுதுவோர் உளர், அது தவறு. 1982-இலேயே 'கேம் அண்ட் வாட்ச்' என்னும் வரிசையில் இரு திரைகள் மடித்து மூடும் சிறு டாங்கி காங் பொறியை நிண்டெண்டோ விற்றது. மேல்திரையில் குரங்கு, கீழ்த்திரையில் உருளும் பீப்பாய்கள். திரையில் முன்பே பதித்துவைத்த உருவங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து மறைவதே அதன் இயக்கம். அச்சிறு பொறியில் பழைய நெம்புகோலைப் பொருத்த இடமில்லை. அதற்காக யோகோய் கூட்டல் குறி வடிவில் ஒரு தட்டைப் பொத்தானை அமைத்தார். இடக்கைப் பெருவிரல் ஒன்றே நான்கு திசைக்கும் போதும். அதன்பின் வந்த விளையாட்டுப் பொறிகளில் பெரும்பாலானவை அப்பொத்தானின் வழித்தோன்றல்களே. ஒரு விளையாட்டைச் சிறிதாக்கும் முயற்சியில் பிறந்த கருவி இவ்வாறு பெரிய பொறிகளையும் ஆண்டது.

இனி, ஒரு கட்டம் காணாமற்போன செய்தி. 1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிண்டெண்டோவின் 'பேமிகாம்' என்னும் வீட்டுப்பொறி ஜப்பானில் வெளிவந்தபோது, அதனுடன் வந்த விளையாட்டுகளுள் டாங்கி காங் ஒன்று. அதில் ஐம்பது மீட்டர்க் கட்டமாகிய சிமெண்டு ஆலை இல்லை. அமெரிக்காவில் 1982-இல் 'கொலெகோவிஷன்' பொறிக்கு வந்த வடிவிலும் அது விடுபட்டிருந்தது. விளையாட்டுக்கூடத்தைக் காணாமல் வீட்டிலேயே ஆடிய எண்ணற்ற பிள்ளைகளுக்கு டாங்கி காங் என்றால் மூன்றே கட்டங்கள். ஓர் ஏட்டில் நடுப்பகுதி செல்லரித்துப்போக, அந்த ஏட்டைப் பார்த்தே படியெடுத்தவர்களின் மாணவர்கள் நூல் அவ்வளவே என்று நம்புவதைப் போன்றது இது. படிகள் பெருகப் பெருக மூலம் மறைவது ஓலைச்சுவடிகளுக்கு மட்டும் நேர்ந்த கதியன்று.

1989-இல் 'கேம்பாய்' வந்தது. அதையும் உருவாக்கியது யோகோயின் குழுவே. அகலம் நூற்றறுபது புள்ளி, உயரம் நூற்று நாற்பத்து நான்கு புள்ளி. நிறம் என்று சொல்ல நான்கு சாயல்கள்தாம். விளையாட்டுக்கூடப் பொறியின் திரையோ அகலத்தைவிட உயரம் மிகுந்தது. உயர உயர ஏறுவதே விளையாட்டின் பொருளாதலின் அதற்கு அத்திரை பொருந்தியது. கேம்பாயின் திரை அகலம் மிக்கது. நெடிய சுவரோவியத்தை அஞ்சலட்டைக்குள் அடக்குவது போன்ற வேலை இது. அப்படியே படியெடுத்தால் குறைபட்ட படியே கிடைக்கும். 1994-ஆம் ஆண்டு ஜூனில் அப்பொறிக்கென டாங்கி காங்கைச் செய்தவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள் என்பது அவர்கள் செய்த வேலையால் விளங்குகிறது.

அவர்கள் முதலில் பழைய நான்கு கட்டங்களையும் வைத்தனர். தொலைந்த சிமெண்டு ஆலையும் மீண்டது. ஆடுகிறவன் நான்காம் கட்டத்தை முடிக்கிறான். குரங்கு பழையபடியே தலைகீழாக விழுகிறது. விளையாட்டு முடிந்தது என்று எண்ணுகிறான். அப்போது குரங்கு எழுந்து பாலினை மறுபடி தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது! மரியோ துரத்துகிறான். உண்மையான விளையாட்டு அங்கேதான் தொடங்குகிறது. நகரம், காடு, கப்பல், பாலைவனம், வானூர்தி, பனிப்பாறை எனப் பல இடங்களில் இன்னும் தொண்ணூற்றேழு கட்டங்கள், ஆக நூற்றொன்று. பதின்மூன்று ஆண்டு முன்பு முடிந்துபோன கதையை அதன் இறுதி வரியிலிருந்தே நீட்டிச் சென்ற துணிவு பாராட்டத்தக்கது. பழைய ஆட்டக்காரனின் நினைவையே வைத்து அவனை ஏமாற்றினார்கள், ஏமாந்தவனும் மகிழ்ந்தான்.

புதிய கட்டங்களில் நோக்கமே மாறிவிட்டது. மேலே ஏறிச் சேர்வது பழைய குறிக்கோள். இங்கே எங்கோ கிடக்கும் ஒரு திறவுகோலை எடுத்துப் பூட்டிய கதவுவரை சுமந்து செல்ல வேண்டும். நான்கு கட்டங்களுக்கு ஒருமுறையே குரங்கு எதிர்ப்படும். சில இடங்களில் அதன் பீப்பாயையே எடுத்து அதன்மேல் எறிந்து வெல்ல வேண்டும். தோன்றிச் சிறிது நேரத்தில் மறையும் ஏணிகளையும் கற்களையும் ஆடுகிறவனே விரும்பிய இடத்தில் பொருத்தலாம். கைவிரைவுக்கு இருந்த முதலிடம் சிந்தனைக்கு மாறிற்று. விரைவு தேவையில்லாமற் போகவில்லை, நேரக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் எந்த வழியாகப் போவது என்று நின்று எண்ணாதவன் எவ்வளவு விரைந்தும் பயனில்லை.

மரியோவின் உடலும் வேறாயிற்று. கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கிறான். மேலிருந்து விழும் பொருள்களைக் கால்களால் தடுக்கிறான். அந்நிலையிலிருந்து துள்ளி வழக்கத்தைவிட உயரத் தாவுகிறான். ஓடும்போது சட்டெனத் திரும்பி பின்புறமாகக் கரணமடிக்கிறான். கம்பியைப் பற்றிச் சுழன்று அவ்விசையால் மேலே பறக்கிறான். சுத்தியலை மேலே எறிந்து மறுபடி எடுத்துக்கொள்கிறான். எல்லாவற்றினும் பெரிய மாற்றம் வீழ்ச்சியைப் பற்றியது. நடுத்தர உயரத்திலிருந்து விழுந்தால் இப்போது இறப்பதில்லை. சற்றுநேரம் மயங்கிக் கிடந்து எழுகிறான். மிக உயரத்திலிருந்து விழுந்தால்தான் சாவு. பாலின் தவறவிட்ட தொப்பி, குடை, கைப்பை ஆகிய மூன்றும் பழைய ஆட்டத்தில் வெறும் மதிப்பெண்ணுக்கானவை. இங்கே மூன்றையும் சேர்த்தால் உயிர் கூடுதலாகப் பெறும் வாய்ப்புக் கிடைக்கும். பழைய சொல்லுக்குப் புதிய பொருள் ஏற்றிய இடம் இது.

இம்மாற்றங்களுக்கெல்லாம் வேர் எங்கே என்றால், காசிலே என்க. கேம்பாயை வைத்திருப்பவன் விளையாட்டை ஒருமுறை விலைகொடுத்து வாங்கிவிட்டான். அவனை விரைவில் கொன்று விற்பவர் பெறப்போவது ஒன்றுமில்லை. நெடுநாள் ஆடவைப்பதே அவருக்குப் பெருமை. ஆகவே உயிர் நீண்டது, கட்டங்கள் பெருகின, விளையாட்டுத் தகட்டினுள் வைத்த சிறு மின்கலம் ஆடிய அளவை நினைவில் வைத்துக்கொண்டது. பேருந்தில் செல்லும் சிறுவன் இறங்கும் இடம் வந்ததும் பொறியை அணைத்துவிட்டு மாலையில் தொடரலாம்.

ஆசிரியர்கள் உற்றுநோக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. இத்தனை புதிய அசைவுகளையும் ஆடுகிறவன் எப்படிக் கற்பது? கட்டத் தொகுதிகளுக்கு இடையே சிறு நாடகம் போன்ற காட்சி ஒன்று வரும். அதில் மரியோவும் குரங்கும் அடுத்து வரவிருக்கும் இடரையோ பயன்படுத்தவேண்டிய அசைவையோ நடித்துக் காட்டுவர். சொற்கள் இல்லை, விதி எழுதிக் காட்டப்படுவதில்லை. பார்த்தவன் அடுத்த கட்டத்தில் அதைச் செய்து பார்க்கிறான். பிறகு வரும் கட்டத்தில் அதையே முன்பு கற்ற வேறொன்றோடு இணைக்க நேர்கிறது. எளிதிலிருந்து அரிதுக்கு, அறிந்ததிலிருந்து அறியாததற்கு என்று பயிற்சிக் கல்லூரிகளில் எழுதவைக்கும் பாடத்திட்டத்தை இவ்வளவு தூய்மையாக நடத்திக் காட்டிய வகுப்பறைகள் சிலவே.

குறை இல்லையோ எனின், உண்டு. புதிய அசைவுகள் அனைத்தும் பழைய நான்கு கட்டங்களிலும் செயற்படுகின்றன. பின்கரணம் போடத் தெரிந்தவனுக்கு உருளும் பீப்பாய் ஒரு பொருட்டன்று. சிறு வீழ்ச்சி மன்னிக்கப்பட்ட பின் மின்தூக்கிக் கட்டத்தின் அச்சம் பாதி போய்விட்டது. உருவத்தில் மூலத்தை மீட்டவர்கள் அதன் உணர்வை மெலிவித்துவிட்டார்கள். பழைய நான்கையும் பழைய விதிகளோடே ஆடும் வழியையும் வைத்திருந்தால் வரலாற்றுக்கு நன்மையாக இருந்திருக்கும். மேலும் புதிய படைப்புக்குத் தனிப்பெயர் வைக்காமல் வெறும் டாங்கி காங் என்றே விட்டது பெருங்குழப்பம். வேறுபாடு காட்ட வேண்டி இன்று ஆடுவோர் ஆண்டைச் சேர்த்து 'டாங்கி காங் 94' என்று தாமே வழங்கி வருகின்றனர். மக்கள் இட்ட அப்பெயரே நிலைத்தது.

இவ்வழிநூலுக்குப் பின் மரபு இரண்டாகப் பிரிந்தது. கழுத்துப்பட்டை அணிந்த குரங்கின் புதிய தோற்றம் அதே 1994-இன் இறுதியில் 'டாங்கி காங் கண்ட்ரி' விளையாட்டுக்கும் சென்று இன்றுவரை நிற்கிறது. திறவுகோலும் கதவும் கொண்ட புதிர்முறை 2004-ஆம் ஆண்டின் 'மரியோ வெர்சஸ் டாங்கி காங்' விளையாட்டில் தொடர்ந்தது. அவ்விளையாட்டும் 2024-இல் புதுக்கி வெளியிடப்பட்டது. யோகோய் 1996-இல் நிறுவனத்தை விட்டு விலகி, மறு ஆண்டே சாலை விபத்தில் காலமானார்.

வீட்டுப்பொறி வடிவில் விடுபட்ட சிமெண்டு ஆலை நெடுங்காலம் விடுபட்டே இருந்தது. 2010-ஆம் ஆண்டில், ஐரோப்பாவில் விற்ற 'வீ' பொறியோடு சேர்த்து அளித்த ஒரு பதிப்பில் அக்கட்டத்தை நிண்டெண்டோவே இட்டு நிரப்பியது. விளையாட்டுக்கூடத்தின் மூலவடிவமோ 2018-ஆம் ஆண்டு ஜூனில்தான் 'சுவிட்ச்' பொறியில் வெளிவந்தது. முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, உயரம் தாண்டி விழுந்தால் உயிர்போகும் அந்தப் பழைய மரியோவை வீட்டிலிருந்தே காண முடிந்தது.