மெடிகேருக்குத் துணையான இன்ஷூரன்ஸும் அமெரிக்க மாநிலங்களின் விதிகளும்

1965-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதி, மிஸ்ஸோரி மாநிலத்து இண்டிபென்டென்ஸ் நகரில், முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன் அருகிலிருக்க, ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் கையொப்பமிட்ட மெடிகேர் சட்டம், 65 வயது நிரம்பிய அமெரிக்கர்களின் வைத்தியச் செலவில் பெரும் பகுதியைச் சர்க்காரின் பொறுப்பாக்கியதேயன்றி, முழுவதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் சேரும்போது நோயாளி முதலில் தம் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை ஒன்று இருந்தது. டாக்டர்களின் கட்டணத்திலோ, அதற்குரிய ஆரம்பத் தொகை போக, நூற்றுக்கு 20 பங்கு அவர் தலையிலேயே விழுந்தது. மெடிகேர் அங்கீகரித்த கட்டணம் 1,000 டாலர் என்றால் சர்க்கார் 800 கொடுக்கும், நோயாளி 200 கொடுக்கவேண்டும். இந்தப் பங்குக்கு உச்சவரம்பு எதுவும் விதிக்கப்படாமையால், நீடித்த வியாதியில் வீழ்ந்த வயோதிகர் ஒருவர் வருஷ முடிவில் எவ்வளவு கொடுத்திருப்பார் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. இந்தக் குறையை நிரப்புவதாகச் சொல்லித் தனியார் கம்பெனிகள் விற்ற பாலிஸிகளே பிற்காலத்தில் ‘மெடிகாப்’ என்று வழங்கலாயின.

மெடிகேர் மத்திய சர்க்காரின் திட்டம். அதற்குத் துணையான பாலிஸியை மேற்பார்வை செய்யும் அதிகாரமோ மாநிலங்களுடையது. 1944-இல் சுப்ரீம் கோர்ட், மாநில எல்லை கடந்து நடக்கும் இன்ஷூரன்ஸ் வியாபாரம் காங்கிரஸின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளிக்க, மறு வருஷமே காங்கிரஸ் மக்காரன்-பெர்கூஸன் சட்டத்தின் மூலம் அந்த மேற்பார்வையை மாநிலங்களுக்கே விட்டுக்கொடுத்தது. மாநில இன்ஷூரன்ஸ் கமிஷனர்கள் கூடிய தேசிய சங்கம் மாதிரி விதிகளை வகுக்கலாம். அவற்றை ஏற்பதும் மாற்றுவதும் ஒதுக்குவதும் அந்தந்த மாநிலத்தின் இஷ்டம்.

இந்தப் பிரிவினையின் பலனை 1970-களில் வயோதிகர்கள் அனுபவித்தார்கள். கிளாட் பெப்பர் தலைமையில் பிரதிநிதிகள் சபையின் முதியோர் கமிட்டி 1978-இல் நடத்திய விசாரணையில், ஒரே செலவுக்குப் பல பாலிஸிகளை ஒருவர் தலையிலேயே ஏஜண்டுகள் கட்டிய விவரங்கள் வெளிவந்தன. இதனை ஏஜண்டுகளின் துர்க்குணம் என்று மட்டும் கொள்வது போதாது என்பது என் அபிப்பிராயம். புதுப் பாலிஸி விற்ற முதல் வருஷத்தில் கிடைக்கும் கமிஷன், பழைய பாலிஸி தொடர்ந்து நடப்பதால் வரும் கமிஷனைக் காட்டிலும் பன்மடங்கு பெரிதாயிருந்த காரணத்தால், நல்ல நிலையிலிருந்த பாலிஸியைக்கூடக் கைவிடச் செய்து வேறொன்றை வாங்கச் செய்வதே ஏஜண்டுக்கு லாபமாயிற்று. வாங்கியவருக்கோ, முன்பே உள்ள வியாதிகளுக்கான காத்திருப்புக் காலம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பமாயிற்று. முதல் வருஷக் கமிஷன் இரண்டாம் வருஷத்தினுடையதைப்போல் இரு மடங்குக்கு மேற்படலாகாது என்று பின்னர் சங்கத்தின் மாதிரி விதி வரையறுத்தது, நோயின் மூலத்தைத் தொட்ட சிகிச்சை எனலாம்.

மான்டானா செனட்டர் மாக்ஸ் பாக்கஸ் 1980-இல் கொண்டுவந்த திருத்தம் இதைவிடத் தயக்கமானது. தனிநபர் பாலிஸிகளில் பிரீமியத்தின் நூற்றுக்கு 60 பங்கும், குழுப் பாலிஸிகளில் 75 பங்கும் வைத்தியச் செலவாகத் திரும்பவேண்டும் என்று அது எதிர்பார்த்தது. ஆனால் மாநிலங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பெரும்பாலான மாநிலங்கள் தாமாகவே இணங்கின. எனினும் பாலிஸிகளின் வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டதால், எது மலிவு, எது உசத்தி என்று ஒப்பிட்டறியும் சக்தி வாங்குவோருக்கு இல்லாமலே போயிற்று.

1990-ஆம் வருஷத்துச் சட்டமே உண்மையான திருப்பம். அதன்படி 1992 முதல், ‘ஏ’ முதல் ‘ஜே’ வரை எழுத்திட்ட பத்து வகைப் பாலிஸிகளே விற்கப்படலாயின. ஒரு கம்பெனியின் ‘சி’ பாலிஸி தருவதையே இன்னொன்றின் ‘சி’யும் தரவேண்டும், வேறுபடக்கூடியது விலை ஒன்றே. மாஸசூஸெட்ஸ், மினஸோட்டா, விஸ்கான்ஸின் ஆகிய மூன்றும் அதற்கு முன்னமே தத்தம் எல்லைக்குள் பாலிஸிகளை ஒருமைப்படுத்தியிருந்தமையால், தம் சொந்த முறையையே வைத்துக்கொள்ள அனுமதி பெற்றன. மத்தியச் சட்டம் மாநிலங்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்பதைவிட, அவற்றில் சிலவற்றிடம் கற்றுக்கொண்டது என்பதே பொருந்தும்.

ஆயினும் அச்சட்டம் அளித்த பெரும் பாதுகாப்புக்குக் காலவரம்பு உண்டு. 65 வயது நிரம்பி, டாக்டர் கட்டணத்துக்குரிய மெடிகேரின் ‘பி’ பகுதியில் சேர்ந்த நாள்தொட்டு ஆறு மாதங்களுக்கு, வியாதியைக் காரணம் காட்டி எந்தக் கம்பெனியும் விண்ணப்பத்தை மறுக்கலாகாது. அதன்பின், 1997-இல் சேர்த்த சில விசேஷ சந்தர்ப்பங்கள் நீங்கலாக, கம்பெனி உடல்நிலையை விசாரிக்கலாம், மறுக்கலாம். இவ்விடத்தில்தான் மாநிலங்கள் பெரிதும் பிரிகின்றன. நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் வருஷத்தின் எந்நாளிலும் மறுப்பின்றிப் பாலிஸி பெறலாம். வயது ஏற ஏறப் பிரீமியத்தை உயர்த்தவும் இடமில்லை. இதற்கு விலை உண்டு: 65 வயதுக்காரர் அங்கே 85 வயதுக்காரரின் செலவையும் பங்கிட்டுக்கொள்கிறார். கலிபோர்னியா நடுவழியைத் தேர்ந்தது; பாலிஸி வைத்திருப்பவர் பிறந்த நாளையொட்டி, அதே அளவோ குறைந்த அளவோ பலன் தரும் வேறொன்றுக்கு உடல்நிலை விசாரணையின்றி மாறலாம். ஆரிகன், ஐடஹோ, நெவாடா முதலியன இதனைப் பின்பற்றின. மிஸ்ஸோரி பிறந்த நாளுக்குப் பதில் பாலிஸி ஆரம்பித்த நாளைக் கொண்டது.

ஊனத்தின் காரணமாக 65 வயதுக்கு முன்பே மெடிகேர் பெறுவோரை 1990-ஆம் வருஷத்துச் சட்டம் கவனிக்கவில்லை. அவர்களுக்கும் ஏதேனும் ஒரு பாலிஸியையாவது விற்கவேண்டும் என்று பல மாநிலங்கள் தாமே விதித்துள்ளன. விதிக்காத மாநிலங்களும் உள்ளன. அத்தகைய மாநிலம் ஒன்றில் 50-ஆவது வயதில் மெடிகேர் பெறத் தொடங்கியவரை, பாலிஸி மிக அவசியமான பதினைந்து வருஷமும் கம்பெனிகள் மறுத்துவரலாம். 65 நிரம்பியதும், அதே வியாதியோடு, அதே கம்பெனிகள் அவர் விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்கு ஏற்றே தீரவேண்டும்.