டேஷ்பாட் முதல் டயல் வரை: தொழிற்சாலை பிரேக்கர்களில் டிரிப் யூனிட் வளர்ந்த வரலாறு

தொழிற்சாலையின் மெயின் பேனலில் இருக்கும் ஏர் சர்க்யூட் பிரேக்கருக்கு இரண்டு வேலைகள். மின்னோட்டத்தை அறுப்பது ஒன்று. எப்போது அறுப்பது என்று முடிவெடுப்பது மற்றொன்று. முதல் வேலையின் வரலாறு, அதாவது தொடுமுனைகள் பிரியும்போது எழும் ஆர்க்கை எப்படியெல்லாம் அணைத்தார்கள் என்பது, பாடநூல்களில் விரிவாகவே இருக்கிறது. முடிவெடுக்கும் உறுப்பான டிரிப் யூனிட்டுக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. கிடைக்கும் சில பக்கங்களும் 1980-களில் மைக்ரோபிராசசர் வந்ததையே பெரிய திருப்பமாகச் சொல்லி முடித்துவிடுகின்றன. அது சரியான கணிப்பு அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். ஓட்டத்தை அளப்பது, காத்திருப்பது, தாழ்ப்பாளைத் தள்ளுவது என்ற மூன்றையும் ஒரே காயில் (மின்சுருள்) செய்துவந்தது. 1960-களின் கடைசியில் அவை மூன்று உறுப்புகளாகப் பிரிந்தன. அந்தப் பிரிவுதான் மெய்யான திருப்பம். செட்டிங் என்பது தயாரிப்பாளரிடமிருந்து களத்துக்கு வந்ததும், அதோடு புதுவகைப் பிழைகள் வந்ததும் அதன் விளைவுகளே.

காலம் என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே இருந்தது. எடிசன் 1880-இல் காப்புரிமை பெற்ற ஃபியூஸ் கம்பிக்கு, உருகுவதற்கு எடுக்கும் நேரமே தாமதம். ஓட்டம் கூடக்கூட நேரம் குறையும். இந்தத் தலைகீழ் உறவையே ஃபிலடெல்ஃபியாவின் கட்டர் நிறுவனம் இயந்திர பிரேக்கருக்குக் கொண்டுவந்து, ஐ.டி.ஈ. என்ற பெயரில் விற்றது. 1924-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம், வெப்பத்தில் வளையும் இரட்டை உலோகப் பட்டையையும் மின்காந்தத்தையும் ஒரே சிறு பெட்டிக்குள் வைத்துக் காப்புரிமை பெற்றது. மெதுவான ஓவர்லோடுக்குப் பட்டை, திடீர் ஷார்ட் சர்க்யூட்டுக்குக் காந்தம். இன்று நம் வீட்டு எம்.சி.பி.யில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். பட்டையின் குறை, அது சுற்றுப்புற வெப்பத்தையும் சேர்த்தே உணரும் என்பது. 40 டிகிரிக்கு அளவிடப்பட்ட எம்.சி.சி.பி. (வார்ப்புப் பெட்டி பிரேக்கர்), வேலூர் கோடையில் மூடிய பேனலுக்குள் இருக்கும்போது, எழுதியிருக்கும் ஆம்பியருக்கு முன்னதாகவே டிரிப் ஆகும்.

ஆயிரம் ஆம்பியரைத் தாண்டிய பெரிய பிரேக்கர்களில் வேறு வழியைக் கையாண்டார்கள். ஒவ்வொரு போலிலும் மெயின் ஓட்டம் முழுவதும் தடித்த செம்புக் காயில் வழியே போகும். ஓட்டம் கூடினால் காயில் ஓர் இரும்பு ஆர்மச்சரை இழுக்கும். அந்த ஆர்மச்சர் எண்ணெய் நிறைந்த சிறு குடுவைக்குள் இருக்கும் பிஸ்டனோடு பிணைக்கப்பட்டிருக்கும். இதுதான் டேஷ்பாட். அலுவலகக் கதவு படாரென்று சாத்தாமல் மெல்ல மூட மேலே பொருத்தும் குழாயில் நடப்பதே இங்கும் நடக்கிறது: சிறு துளை வழியே எண்ணெய் ஒதுங்கினால்தான் பிஸ்டன் நகர முடியும். இழுவிசை அதிகமானால் வேகமாக நகரும். தலைகீழ் உறவு தானாகக் கிடைத்துவிடுகிறது. சில வகைகளில் குறுகிய தாமதத்துக்குக் கடிகாரத்தில் இருப்பது போன்ற பற்சக்கர அமைப்பும் உண்டு. ஆர்மச்சர் முழுதும் நகர்ந்ததும் அதே விசை டிரிப் தண்டைத் தள்ளி பிரேக்கரைத் திறக்கும்.

எளிமையான அமைப்பு, வெளிமின்சாரம் எதுவும் வேண்டாம். ஆனால் எண்ணெயின் பிசுபிசுப்பு வெயிலில் ஒன்றாகவும் குளிரில் ஒன்றாகவும் இருக்கும். வருடக்கணக்கில் நகராத பிஸ்டன் தூசியோடு கெட்டியான எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். சீல் வழியே எண்ணெய் கசிந்துவிட்டால் தாமதமே இல்லாமல் டிரிப் ஆகும். ஸ்பிரிங் இழுப்பைத் திருகி அளவை மாற்றலாம் என்றாலும், மாற்றியது சரிதானா என்று தெரிய மெயின் முனைகளிலேயே ஆயிரக்கணக்கான ஆம்பியரைச் செலுத்திப் பார்க்க வேண்டும். அதற்கான கனமான இயந்திரம் எல்லா ஆலைகளிலும் இருக்கவில்லை. தயாரிப்பாளரிடமிருந்து வந்த செட்டிங்கே பெரும்பாலும் கடைசிவரை நின்றது.

இந்த நிலையை உலுக்கியது வேறொரு ஆபத்து. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கக் கட்டடங்களிலும் ஆலைகளிலும் 480/277 வோல்ட் பரவியது. 120 வோல்ட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எழும் ஆர்க் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். 277 வோல்ட்டில், ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் அணைந்தாலும் மறுபடி பற்றிக்கொள்ளும். 1960-இல் காஃப்மன், பேஜ் இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தச் சிக்கலின் தன்மையை எடுத்துக்காட்டியது. இத்தகைய எர்த் ஃபால்ட் ஓட்டம் முழு ஷார்ட் சர்க்யூட் அளவில் 38 சதவீதத்துக்கு இறங்கலாம் என்பது பரவலாக ஆளப்பட்ட கணக்கு. பேஸ் ஓவர்லோடை மட்டும் பார்க்கும் டேஷ்பாட்டுக்கு அது மோட்டார் ஸ்டார்ட் ஆவது போலத்தான் தெரியும். அது காத்திருக்கும் நேரத்துக்குள் ஸ்விட்ச்போர்டே உருகி எரிந்துபோன நிகழ்வுகள் நடந்தன. 1971-இல் அமெரிக்காவின் நேஷனல் எலெக்ட்ரிகல் கோட், இத்தகைய அமைப்புகளில் 1,000 ஆம்பியரும் அதற்கு மேலுமான சர்வீஸ் இணைப்புகளுக்கு எர்த் ஃபால்ட் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. செட்டிங் 1,200 ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வைத்தது.

எர்த் ஃபால்ட்டை அறிய மூன்று பேஸ், நியூட்ரல் ஓட்டங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும். தன் போலின் ஓட்டத்தை மட்டும் அறிந்த காயிலால் அது முடியாது. தனி ரிலேயும் ஷன்ட் டிரிப்பும் வைத்துச் செய்யலாம், செய்தார்கள். ஆனால் அதற்குத் தனி கன்ட்ரோல் சப்ளை வேண்டும். ஓட்டம் ஒரு சிறு சிக்னலாக மாறிவிட்டால் கூட்டல் மிக எளிது. அந்த மாற்றம் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது: ஜெனரல் எலெக்ட்ரிக்கின் பவர் சென்சர், வெஸ்டிங்ஹவுஸ் டி.எஸ். பிரேக்கர்களில் வந்த ஆம்ப்டெக்டர். மின்னணு டிரிப் யூனிட்டை நிலைநிறுத்தியதில் டிரான்சிஸ்டருக்கு இருந்த பங்கைவிட இந்த விதிக்கு இருந்த பங்கு குறைவல்ல என்பது என் கணிப்பு.

புதிய அமைப்பில் பஸ்பாரைச் சுற்றி கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் (சி.டி.) இருக்கிறது, அது அளக்கிறது. மின்னணு அட்டை காத்திருக்கிறது. தள்ளுவதற்கு ஃப்ளக்ஸ் ஷிஃப்டர் என்ற சிறு உருளை. அதனுள் ஒரு நிரந்தரக் காந்தம், அழுத்திய ஸ்பிரிங்கைப் பிடித்துவைத்திருக்கும். அட்டையிலிருந்து வரும் சிறு துடிப்பு அந்தக் காந்தப்புலத்தை ஒரு கணம் தளர்த்தினால் போதும். ஸ்பிரிங் பாய்ந்து டிரிப் தண்டை அடிக்கும். தள்ளும் விசை ஸ்பிரிங்கில் முன்கூட்டியே சேமித்தது. ஃபால்ட் ஓட்டம் அதைத் தர வேண்டியதில்லை. அட்டைக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதே சி.டி.க்களே கொடுப்பதால், பேட்டரி செத்தாலும் ஆலை இருண்டாலும் பாதுகாப்பு நிற்காது.

இதற்குப் பின் வந்த மைக்ரோபிராசசர் ஒரு முக்கியமான திருத்தத்தைச் செய்தது. முதல் தலைமுறை அட்டைகள் அலையின் உச்சியைப் பார்த்து, அது சுத்தமான சைன் அலை என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டன. வேக மாற்றி டிரைவ்கள் பெருகி அலை கோணலானதும் அந்தக் கணக்கு பொய்த்தது. கூரான உச்சிகள் காரணமின்றி பிரேக்கரை டிரிப் செய்தன. 1980-களில் அலையைப் பல புள்ளிகளில் படித்து உண்மையான ஆர்.எம்.எஸ். மதிப்பைக் கணக்கிடும் யூனிட்கள் வந்தன. ரோகோவ்ஸ்கி 1912-இல் விளக்கிய இரும்பில்லாக் காயிலும், நிறைசெறிவுக்கு ஆளாகாது என்பதால், அளவீட்டுக்கு வந்து சேர்ந்தது. 1989-இல் ஐ.இ.சி. 60947-2 நெறிமுறை வெளியானது. மின்னணுப் பாதுகாப்புள்ள பிரேக்கர்களுக்கான கூடுதல் சோதனைகளுக்கு அதில் தனிப் பின்னிணைப்பு உண்டு. இந்தியா 1993-இல் அதே வழியில் ஐ.எஸ். 13947-ஐ ஏற்றது.

மூன்று வேலைகளும் பிரிந்ததால் பழைய பிரேக்கருக்கும் மறுவாழ்வு கிடைத்தது. தொடுமுனையும் ஸ்பிரிங்கும் நல்ல நிலையில் இருந்தால், டேஷ்பாட்டைக் கழற்றிவிட்டு, சி.டி., அட்டை, ஃப்ளக்ஸ் ஷிஃப்டர் மூன்றையும் பொருத்தும் ரெட்ரோஃபிட் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. ஆனால் எண்ணெயில் இருந்த நோய் இப்போது வயரிங்குக்கு இடம் மாறியது. நான்கு வயர் அமைப்பில் நியூட்ரலுக்கு வெளியே தனி சி.டி. பொருத்துகிறோம். அதன் முகம் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லோடு சமனில்லாமல் நியூட்ரலில் 250 ஆம்பியர் ஓடினால், பேஸ்களின் கூட்டலோடு அது கழிவதற்குப் பதில் கூடி, யூனிட்டுக்கு 500 ஆம்பியர் எர்த் ஃபால்ட் என்று தெரியும். செட்டிங் 400 என்றால், எந்தக் கோளாறும் இல்லாமலே பிரேக்கர் விழும். அட்டைக்குள் மட்டும் சிக்னல் செலுத்தும் செகண்டரி இன்ஜெக்‌ஷன் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது, சி.டி. வழியே மெய்யான ஓட்டத்தைச் செலுத்தும் பிரைமரி இன்ஜெக்‌ஷன்தான் காட்டும். நேஷனல் எலெக்ட்ரிகல் கோட் பின்னர், எர்த் ஃபால்ட் பாதுகாப்பை முதலில் நிறுவும்போது களத்திலேயே சோதித்துப் பதிவு வைக்கச் சொன்னதன் பொருத்தம் இதில்தான் தெரிகிறது. மேல், கீழ் பிரேக்கர்கள் பேசிக்கொள்ளும் ஜோன் இன்டர்லாக் வசதியும் இப்படித்தான்: அந்த வயரிங் இல்லாத இடத்தில் தயாரிப்பாளர் போட்டு அனுப்பிய ஜம்பரை யாராவது கழற்றிவிட்டால், டயலில் 0.4 விநாடி என்று இருந்தாலும் யூனிட் காத்திருக்காமல் டிரிப் ஆகும்.

டயல்களையும் ஒருமுறை கிட்டத்தில் பார்ப்போம். 1,000 கே.வி.ஏ., 433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு முழு லோடு 1,333 ஆம்பியர். 1,600 ஆம்பியர் பிரேக்கரில் லாங் டைம் (ஓவர்லோடு) டயலை 0.8-இல் வைத்தால் 1,280 ஆம்பியர். பரவலாகப் புழங்கும் மைக்ரோலாஜிக் யூனிட்டில் ஷார்ட் டைம் (குறுகிய தாமத) டயல் இந்த 1,280-ன் மடங்காக இயங்கும். இன்ஸ்டன்டேனியஸ் (தாமதமற்ற) டயலோ 1,600-ன் மடங்கு. லாங் டைமை மட்டும் 0.8-இலிருந்து 0.5-க்கு இறக்கினால், ஷார்ட் டைம் டயலை யாரும் தொடாமலே, 5 மடங்கு என்பது 6,400-இலிருந்து 4,000 ஆம்பியராகச் சரிந்துவிடும். மறுநாள் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பிரேக்கர் விழுந்தால் மோட்டாரின் மேல் பழி போகும். அதே யூனிட்டில், லாங் டைம் வரம்பைத் தரும் ரேட்டிங் பிளக்கைக் கழற்றிவிட்டால் லாங் டைம் தானாக 0.4-க்கு இறங்கும். இன்சுலேஷன் சோதனைக்காகக் கழற்றிய பிளக்கைத் திரும்பப் பொருத்த மறந்த பேனலில் இதுவே நடக்கும்.

1982-இல் ரால்ஃப் லீ ஆர்க் தீக்காயம் பற்றி எழுதிய கட்டுரை தாமதத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. கீழ் பிரேக்கர் முதலில் விழட்டும் என்று மேல் பிரேக்கர் காக்கும் ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடியும், பேனல் முன் நிற்பவரின் உடலில் பாயும் வெப்பமாகிறது. 2011 கோடில் வந்த ஆர்க் ஆற்றல் குறைப்பு விதி, 2014-இல் 1,200 ஆம்பியரும் அதற்கு மேலும் அமைக்கக்கூடிய பிரேக்கர்கள் எல்லாவற்றையும் தழுவியது. அதை நிறைவேற்றும் வழிகளில் ஒன்று பராமரிப்பு ஸ்விட்ச்: வேலை நடக்கும்போது அதைப் போட்டால் தாமதம் நீங்கும்.

டயலைத் தொடும் கை யாருடையது என்பதையும் இதே கோட் கேட்கிறது. மாற்றத்தக்க பிரேக்கரின் ரேட்டிங், டயலின் உச்ச அளவே. கேபிளும் அதற்கேற்ற தடிமனில் இருக்க வேண்டும். சீல் வைத்த மூடி, போல்ட் போட்ட கதவு, தகுதியுள்ளோர் மட்டும் திறக்கும் பூட்டு என்று அணுகலைத் தடுத்தால்தான் செட் செய்த அளவை ரேட்டிங்காகக் கொள்ளலாம். பின்னர் இந்தப் பட்டியலில் பாஸ்வேர்டும் சேர்ந்தது. நெட்வொர்க் வழியே தொலைவிலிருந்து செட்டிங்கை மாற்றும் யூனிட்கள் வந்தபின், 2023 பதிப்பு அவற்றுக்குத் தனிப் பிரிவு வகுத்தது: களத்திலேயே, நெட்வொர்க்கில் சேராத இடைமுகம் வழியாக மட்டும் மாற்ற வேண்டும்; இல்லையேல் அந்த நெட்வொர்க்கின் இணையப் பாதுகாப்பு மதிப்பிடப்பட்டிருக்க வேண்டும்.